சோபாவில் ஒரு குண்டூசி

"ஐயோ!" என்று அலறிக்கொண்டு குடும்பத் தலைவர் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தபோது, டிவியில் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மகன் ஆட்டத்தைத்தான் ரசிக்கிறான் என்று நினைத்து அவருடைய அப்பா கைதட்டினார்.

"ஆட்டமாவது ஒண்ணாவது! குண்டூசிப்பா!" தலைவர் அதைப் பின்பக்கத்திலிருந்து பிடுங்கிக் காட்டினார்.

சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். "அச்சச்சோ! எப்படி விழுந்துதுன்னே தெரியலீங்க."

கூடத்துச் சாப்பாட்டு மேசைமேல் மிஷினை வைத்து வருடக்கணக்கில் தைத்துக்கொண்டிருப்பவள் அவள். யாராவது தட்டோடு வந்தால் துணியை வாரிச் சுருட்டுவாள். அவர்கள் கை கழுவப் போனதும் மறுபடி விரிப்பாள். இப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சீருடை வேலை வேறு கிடைத்திருந்தது. பள்ளி திறப்பதற்குள் தைத்துக் கொடுத்தால் வருடா வருடம் அவளுக்கே வரும். தாமதமானால் ரெடிமேட் கடைக்குப் போய்விடும்.

"பின்னாடி ரூமைக் காலி பண்ணித் தர்றேன். இனிமே உனக்குன்னு தனி இடம். ராணி மாதிரி உக்காந்து தை!" என்று தலைவர் நின்றுகொண்டே அறிவித்தார். உட்கார முடியாத நிலைமை.

"எனக்கெதுக்குங்க தனி ரூமெல்லாம்? கூடமே போதும்."

"கூடம் மனுஷங்க உக்கார்ற இடம்!"

அதோடு பேச்சு முடிந்தது. மறுநாளே லீவு போட்டுவிட்டு, உடைந்த கட்டிலையும் துருப்பிடித்த பெட்டிகளையும் வெளியேற்றினார். மனைவி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாருக்குங்க. வெளிச்சந்தான் கொஞ்சம் கம்மி. கருநீலத் துணியில கருநீல நூல் ஓட்டணும், கண்ணு போயிடும்."

தலைவருக்கு எதிலும் அரைகுறை பிடிக்காது. கொத்தனார் வந்தார். சுவரில் பாதி ஜன்னலாயிற்று. சிமென்ட் தூசி சாம்பார் வரைக்கும் போய்ச் சேர்ந்தது; வீடே இரண்டு நாள் இருமியது. அப்புறம் வெளிச்சம் வந்தது, கூடவே வெயிலும் வந்தது.

"வெளிச்சம் பிரமாதம். வேர்வைதான் துணியில சொட்டும்போலருக்கு."

மிஷினும் சாப்பாட்டு மேசையும் முன்னாலேயே உள்ளே போயிருந்தன; இப்போது கூடத்து ஃபேனும் போயிற்று. ஃபேன் போன ஐந்தாவது நிமிடம் அப்பா செய்தித்தாளை மடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார்.

"நீ பாட்டுக்குத் தைம்மா. நான் ஒரு ஓரமா இருந்துக்கறேன்" என்றார் மருமகளிடம். ஓரம் என்று அவர் சொன்னது ஃபேனுக்கு நேர் கீழே.

"பாவம், மாமா தரையில உக்காந்திருக்காரு. அளவு குடுக்க வர்றவங்களுக்கும் உக்கார ஒண்ணு வேணுமில்ல?" என்றாள் மனைவி.

சோபாவைத் தூக்கினார்கள். அது பாதி வழியில் கதவில் சிக்கிக்கொண்டு, உள்ளேயும் போக மாட்டேன், வெளியேயும் வர மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணியது. அப்பா உள்ளே மாட்டிக்கொண்டார். அவருக்குக் காபியும் டிபனும் சோபாவுக்கு மேலாகவே போயின. "இதுவும் வசதியாத்தான் இருக்கு" என்றார். கடைசியில் கதவையே கழற்றிச் சோபாவைத் தள்ளினார்கள். மறுமுனையைப் பிடித்திருந்த கல்லூரி மகள் அப்படியே அதில் சாய்ந்தாள்.

"அப்பா, என்ன காத்துப்பா இங்க! பரீட்சை முடியற வரைக்கும் இங்கதான் படிக்கப் போறேன்."

கூடத்தில் இப்போது டிவி மட்டும் இருந்தது. தலைவர் அதன் எதிரே காலை மாற்றி மாற்றி நின்று ஆட்டம் பார்த்தார்.

"நின்னுக்கிட்டே பாக்கறீங்களே, மனசு கேக்கல. அதையும் உள்ள வச்சுட்டா, வர்றவங்களுக்கும் பொழுது போகும்" என்றாள் மனைவி.

"வாடிக்கையாளர் வசதி முக்கியம்" என்று தலைவர் பொறுப்போடு ஒப்புக்கொண்டார்.

டிவியை மாட்டியதும் படம் தெளிவாகத் தெரிகிறதா என்று பரிசோதிக்கச் சோபாவில் உட்கார்ந்தார். பரிசோதனை ராத்திரிச் சாப்பாடு வரை நீடித்தது.

மறுநாள் மனைவி இரண்டு கை நிறைய வெட்டிய துணியோடு வந்து வாசலில் நின்றாள். கால் வைக்க இடமில்லை. தையல் மிஷின்மேல் அப்பாவின் மூக்குக் கண்ணாடியும், மகளின் சார்ஜரும், தலைவரின் காபிக் கோப்பையும் இருந்தன.

தலைவருக்குச் சுருக்கென்றது. "எல்லாரும் வெளிய போங்க! இது தையல் ரூம்!"

அப்பா செய்தித்தாளை இறக்காமலே சொன்னார்: "முதல்ல நீ எந்திரிடா."

தலைவர் டிவியைப் பார்த்தார். கடைசி ஓவர். "இது மட்டும் முடியட்டும்" என்றார், சுருதி இறங்கிப்போய்.

"விடுங்க, பரவால்ல. நீங்கள்லாம் வசதியா இருந்தா அதுவே போதும். நான் கூடத்துலயே ஒரு ஓரமாத் தைச்சுக்கறேன்" என்றாள் மனைவி.

அதைக் கேட்டதும் தலைவர் டிவியை விட்டு எழுந்தார். மிஷினை அவரே தூக்கிக்கொண்டு போய், வெறிச்சோடிக் கிடந்த கூடத்தில் வைத்தார். இவளுக்கென்று ஆரம்பித்து இவளையே வெளியே தள்ளிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூட வேலை கை நழுவினால் அந்தப் பழி தன் தலையில்தான் விடியும். இன்றைக்கே சோபா, டிவி, அப்பா எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டியதுதான் என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

அப்போது வாசல் மணி அடித்தது. தச்சர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் வண்டியில் நீளமான புது மேசை ஒன்று.

"துணி வெட்டற மேசை சார். அக்கா செய்யச் சொன்னாங்க."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அறையை நம்பி, பாவம், மேசைக்குக்கூடச் சொல்லி வைத்திருக்கிறாள்! "கொண்டாங்க, நேரா பின்னாடி ரூம்ல போடுங்க. அப்பா, எந்திரிங்க! சோபா வெளிய வரப் போகுது!"

"தச்சரே, முதல்ல உள்ள வந்து காபி சாப்பிடுங்களேன்" என்று மனைவி பதறிக்கொண்டு குறுக்கே வந்தாள்.

தச்சர் ஓர் அடி நகரவில்லை. காலியாகக் கிடந்த கூடத்தைத் திருப்தியாகச் சுற்றிப் பார்த்தார்.

"பின்னாடி ரூமுக்கா? இது கூடத்துக்கு சார். போன மாசமே செவுத்துக்குச் செவுரு அளந்து குடுத்துட்டாங்க. சோபா, டிவி, சாரெல்லாம் எங்க போவாங்கன்னு கேட்டேன். 'ஒரே ஒரு குண்டூசி போதும், எல்லாம் தானா உள்ள போயிடும்'னாங்க."