உன் அத்திம்பேருக்கு ஒரு படி பச்சரிசி

பிரேசர் டவுன்,
பெங்களூர்.
1965 டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி ஆராவமுதனுக்கு உன் அக்கா கோமளம் மனமார்ந்த ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம் என்று எழுதுவது மரியாதை, ஆகவே எழுதிவிட்டேன். ருக்மிணியும் குழந்தைகளும் சௌக்கியம் என்று நீ எழுதியிருந்தது அதே மரியாதைக்காகவா, நிஜமாகவா என்பதை அடுத்த கடிதத்தில் தெளிவுபடுத்தவும்.

உன் கடிதம் கிடைத்தது. அதில் தேதி இல்லை. கான்வென்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர், தேதி போடாத கடிதத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுப்பார். நான் படித்தேன், படித்ததற்காக வருந்துகிறேன். எங்கள் தொகுதி எம்.பி. காலமானதால் வரும் பன்னிரண்டாம் தேதி இடைத்தேர்தல் நடக்கிறது என்றும், யுத்தம் ஓய்ந்திருக்கும் இந்தச் சமயத்தில் அக்கா டெல்லியின் கையைப் பலப்படுத்த வேண்டும் என்றும் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறாய். டெல்லியின் கைக்கு இருக்கிற பலம் போதும். அது என் சமையலறைக்குள் நுழைந்து, அரிசிப் பானையைக் கவிழ்த்து, அடுப்பையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறது. நீ உணவு இலாகாவில் அண்டர் செக்ரட்டரி. ஆகையால் இதை அக்கா தம்பிக்கு எழுதியதாக நினைக்காதே. ஒரு வோட்டர் சர்க்காருக்கு எழுதியதாக நினைத்துக்கொள். உன் மந்திரியை எனக்குத் தெரியாது. உன்னை அரை நிஜார் போட்ட நாளிலிருந்து தெரியும்.

முதலில் மைலோ. ரேஷன் கடையில் அரிசி கேட்டால் கோதுமை என்கிறார்கள், கோதுமை கேட்டால் மைலோ என்கிறார்கள். அமெரிக்காவில் அந்தச் சோளத்தை மாட்டுக்குப் போடுகிறார்களாம். அங்குள்ள மாடுகளின் பற்களை நினைத்து ஆச்சரியப்படுகிறேன். ஊறப்போட்டேன், அரைத்தேன், அடையாக வார்த்தேன். ஜாலஹள்ளி குவார்ட்டர்ஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த என் பிள்ளை சீனு பாதி அடையில் எழுந்து போய்க் கண்ணாடியில் வாயைப் பார்த்துவிட்டு வந்தான். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்லேம்மா. பல் டாக்டர் அடைச்சுவிட்டது இருக்கான்னு பார்த்தேன்" என்றான். இல்லை. அதைப் பிறகு அடைக்குள் தேடி எடுத்தோம். இதற்கு நடுவில், தேசத்துக்காகத் திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டை எல்லோரும் விட வேண்டும் என்று ரேடியோவில் சொல்கிறீர்கள். உன் அத்திம்பேர் போன நாளிலிருந்து நான் எந்த ராத்திரியும் சாதம் சாப்பிடுவதில்லை. ஏழு நாளையும் விட்டவளிடம் திங்கட்கிழமையை மட்டும் தனியாகக் கேட்க வந்துவிட்டார்கள்! ஓசூரைத் தாண்டினால் பச்சரிசி இருக்கிறது, ஆனால் எல்லை தாண்டிக் கொண்டுவரக்கூடாது என்று டெல்லி உத்தரவு. கூப்பிடு தூரத்தில் விளைகிற அரிசிக்கு செக்போஸ்ட். கப்பலேறி வருகிற மைலோவுக்கு மாலை மரியாதை. இந்தத் திட்டத்தைத் தயாரித்தவன் பரீட்சையில் பாஸ் செய்துதான் வேலைக்கு வந்தானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அது நீயாக இருந்தால் சொல்ல வேண்டாம்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். இனிமேல் எழுதப்போவதைப் பொறுக்கமாட்டேன். வருகிற புதன்கிழமை உன் அத்திம்பேருக்குத் திவசம். வீட்டில் ஒரு மணி பச்சரிசி கிடையாது. ரேஷனில் வந்தது சிவப்புப் புழுங்கல், அதில் பாதி கல். அதை வடித்து அவர் இலையில் போட முடியுமா, நீயே சொல்லு. கள்ள மார்க்கெட்டில் கிடைக்கிறது, சீனு வாங்கி வருகிறேன் என்றான். வாயை மூடச் சொன்னேன். முன்பு நடந்த உலக யுத்தத்தின்போது மைசூர் சர்க்காரில் உணவுக் கட்டுப்பாடு உன் அத்திம்பேர் கையில் இருந்ததும், பரணில் நெல் மூட்டையை ஒளித்துவைத்தார் என்று சொந்தப் பெரியப்பாவுக்கே அபராதம் போட்டதும் உனக்குத் தெரியாததா? அந்த மனிதருக்குக் கள்ள அரிசியில் பிண்டம் வைத்தால் வாங்கிக்கொள்வாரா? மேலேயிருந்தே நோட்டீஸ் அனுப்புவார்.

நேரே ரேஷன் கடைக்குப் போனேன். "ஒரே ஒரு படி பச்சரிசி, திவசத்துக்கு" என்று கேட்டேன். கடைக்காரன் தராசைத் துடைத்துக்கொண்டே, "ஏன் மாடோதும்மா, என்ன செய்யறது, ஸ்டாக் இல்ல. டெல்லியைத்தான் கேக்கணும்" என்றான். "டெல்லியில் என் தம்பியே உணவு இலாகாவில் இருக்கிறான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான். "அப்ப அரிசி எங்க போச்சுன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு" என்றான். க்யூவில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நம் அப்பா பெயரைச் சொல்லி வளர்ந்த குடும்பம், ஒரு மைலோ வியாபாரியிடம் சிரிப்பாய்ச் சிரித்தது. இது உன்னால்.

திரும்பி வந்தால் வாசலில் ஜீப், மைக், மாலை. ஆளும் கட்சியின் வார்டு ஆள் நாராயணசாமி கும்பிட்டுக்கொண்டு நின்றான். "பாட்டியம்மா, ஒங்க வூட்ல ரெண்டு ஓட்டு கீது. ரெண்டும் நமக்குத்தான்" என்றான். நான் யாருக்கும் பாட்டியம்மா இல்லை என்று முதலில் திருத்தினேன். பிறகு, "என் பிள்ளைக்கு ஓட்டு ஜாலஹள்ளியில். இங்கே இருப்பவள் நான் ஒருத்தி. ரெண்டாவது யார்?" என்று கேட்டேன். அவன் லிஸ்டைப் பிரித்து, நடுத்தெருவில், மைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே, உன் அத்திம்பேரின் முழுப் பெயரைப் படித்தான். காதைப் பொத்திக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து என் வாயால் வராத பெயர் ஒலிபெருக்கியில் பிரேசர் டவுன் முழுக்கப் போயிற்று. "அவர் போய் ஏழு வருஷம் ஆச்சு!" என்றேன். "இருக்கட்டும்மா, லிஸ்ட்ல உசுரோடதான் கீறாரு" என்று ஆறுதல் வேறு சொன்னான்.

இதற்காகத் தேர்தல் ஆபீசுக்கு நான் நாலு கடிதம் எழுதியிருக்கிறேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அடித்தல் திருத்தல் இல்லாத இங்கிலீஷில், "இவ்வீட்டின் தலைவர் இறைவனடி சேர்ந்துவிட்டார் என்று தெரிவிக்கும் கௌரவத்தைப் பெறுகிறேன்" என்று தொடங்கி, எங்கேயும் மரியாதைக் குறைவாக அவர் பெயரை எழுதாமல், கீழே என் முழுப் பெயரைக் கொட்டை எழுத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன். நாலுக்கும் பதில் இல்லை. செத்தவரை லிஸ்டிலிருந்து எடுக்கத் தெரியாத சர்க்கார், உயிரோடிருப்பவர்களுக்குச் சோறு போடுமா?

நாராயணசாமியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ஒரு மனுஷருக்கு வருஷத்தில் ஒரு நாள் யோக்கியமாகச் சாதம் போட ஒரு படி பச்சரிசிக்கு வழியில்லை. அதற்கு வழி செய்யாத கட்சிக்கு இந்த வீட்டு வாசற்படியில் நிற்கவே யோக்யதை இல்லை, போ!" என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "திவசம் புதன்கிழமையாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். என் ஓட்டு சைக்கிள் சின்னத்தில் நிற்கும் சுயேச்சைக்கு. அவன் யார் என்று எனக்குத் தெரியாது. இதுவரை என் வீட்டுக்கு வரவில்லை. அது ஒன்றே போதும்.

ஆகவே, ஆராவமுதா, நீ செய்ய வேண்டியது இதுதான். உன் மந்திரியிடம் போய், பெங்களூரில் ஒரு வோட்டர் இப்படிச் சொல்கிறாள் என்று சொல். சொல்ல தைரியமில்லை என்றால் ராஜிநாமா செய். உன் செல்வாக்கைக் காட்டி எனக்கு அரிசி அனுப்பினாயானால் வந்த ரயிலிலேயே திருப்பி அனுப்புவேன். எனக்குச் சலுகை வேண்டாம், நியாயம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் ஒரு ஓட்டு விழுகிற சத்தம் டெல்லியில் உன் மேஜை வரைக்கும் கேட்கும், பார்த்துக்கோ.

ருக்மிணிக்கு என் ஆசி. குழந்தைகளுக்கு முத்தங்கள். அவர்களாவது தேதி போட்டுக் கடிதம் எழுதப் பழகட்டும். பெருமாள் உங்கள் எல்லோரையும் நல்லபடியாக வைக்கட்டும், உன்னைத் திருத்தியும் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
கோமளம்.

பின்குறிப்பு (12-ஆம் தேதி, ஞாயிறு மாலை): தபாலில் போடச் சொல்லி சீனுவிடம் கொடுத்த இந்தக் கடிதத்தை இன்று அவன் கோட்டுப் பையில் கண்டெடுத்தேன். நல்லதாகப் போயிற்று, விஷயம் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் பூஜையில் இருக்கும்போது யாரோ வாசலில் ஒரு பையை வைத்துவிட்டுப் போனார்கள். "டெல்லியிலேர்ந்து சொல்லி அனுப்பினாங்களாம்" என்று வேலைக்காரி காந்தா தூக்கி வந்தாள். மல்லிகைப்பூ மாதிரி பச்சரிசி. நீ அனுப்பியதாக நினைத்தேன். திருப்பி அனுப்புவதாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் பிறந்த வீட்டிலிருந்து வந்ததைத் திருப்பினால் பாவம் என்று மனசை மாற்றிக்கொண்டேன், கொஞ்சம் அழுதேன் என்றும் வைத்துக்கொள். திவசம் குறைவில்லாமல் நடந்தது. சாப்பிட வந்தவர்கள் மறுசாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை நாராயணசாமி வந்தான். "அய்யாவுக்குத் திருப்திதானேம்மா?" என்றான். "டெல்லியிலிருந்து என்றார்களே!" என்றேன். "ஆமாம்மா, நம்ம கட்சியே டெல்லி கட்சிதானே?" என்றான். இலையில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா? ஆனால் நான் விடவில்லை. "அரிசி வந்தது அவருக்கு. சாப்பிட்டது அவர். ஓட்டு வேணும்னா போய் அவரையே கேளு. என் ஓட்டைத் தொடாதே" என்று முகத்திலடித்த மாதிரி சொன்னேன். "சரிம்மா, அய்யாவோடதே போதும்" என்று சிரித்துக்கொண்டே போனான். இவ்வளவு சுலபமாகத் தோற்றுவிட்டானே என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று பட்டுப்புடவை உடுத்திக்கொண்டு ஓட்டுச் சாவடிக்குப் போனேன். மேஜையில் இருந்த பையன் லிஸ்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி லிஸ்டைப் பார்த்தான். "அம்மா, உங்க பேரை அடிச்சிருக்கு. காலமாயிட்டதா போட்டிருக்கு" என்றான். அவன் தேர்தல் ஆபீஸ் குமாஸ்தாவாம். "நான்தாம்மா அடிச்சேன். அந்த வீட்லேர்ந்து நாலு லெட்டர் வந்துச்சு. யார் செத்ததுன்னு தேடித் தேடிப் பார்த்தேன். நாலுலயும் ஒரே ஒரு பேர்தான் இருந்துச்சு" என்றான். செத்தவள் கையெழுத்துப் போடுவாளா என்று யோசிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்கள்! "அப்போ இவர்?" என்று, பெயர் சொல்லாமல், அடுத்த வரியைச் சுட்டிக் காட்டினேன். "இவரா? காலைல மொதல் ஆளா வந்து போட்டுட்டுப் போனாரும்மா. நல்லா திடமா இருந்தாரு" என்றான்.

ஆகவே, உன் சர்க்கார் கணக்குப்படி உன் அத்திம்பேர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, டெல்லியின் கையைப் பலப்படுத்திவிட்டு, சௌக்கியமாக இருக்கிறார். காலமானவள் நான்தான். அடுத்த வருஷம் எனக்குத் திவசம் வரும். பச்சரிசிக்கு இப்போதே சொல்லி வை.