அப்பா ஒளித்துவைத்த கிளிப் டப்பா

"இனிமே இந்த வீட்டுல ஒரு ஃபிளாஷ்கூட அடிக்கக் கூடாது" என்று அப்பா தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, ஏனென்றால் அம்மா குளித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா குளியலறையிலிருந்து வெளியே வரும் சத்தம் கேட்டதும் சபை ஒத்திவைக்கப்பட்டது.

அப்பாவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. நியாயமான காரணம் என்று நான் சொல்லமாட்டேன், காரணம் உண்டு, அவ்வளவுதான். அம்மா ஆன்லைனில் துணி விற்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். நீங்கள் செல்போன் திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறீர்களே சட்டைகள், அந்த ஒவ்வொரு சட்டைக்கும் பின்னால் ஓர் அம்மா நின்றுகொண்டிருக்கிறாள். எந்தச் சட்டையை முதலில் எடுப்பது, யார் போட்டுக்கொள்வது, யார் இஸ்திரி போடுவது, கேமராக்காரர் எத்தனை மணிக்கு வரவேண்டும், மாடலுக்கு எந்தச் செருப்பு, எல்லாம் அவள் ஏற்பாடு. கம்பெனி ஸ்டூடியோவின் கூரை ஒழுக ஆரம்பித்ததால், அது சரியாகும்வரை ஆண்கள் சட்டைகளை மட்டும் எங்கள் கூடத்தில் படமெடுப்பது என்று முடிவாயிற்று. எங்கள் கூடத்து ஜன்னல் பெரியது. காலை வெளிச்சம் கொட்டும்.

அந்த வெளிச்சத்தில்தான் அப்பாவின் நாற்காலி இருந்தது.

அப்பா சென்ற வருடம் ஓய்வு பெற்றார். அவர் ஓய்வு பெற்றார், நாங்கள் ஓய்வை இழந்தோம். ஆபீசில் மூன்று மாடி ஆட்களை மேய்த்தவருக்கு வீட்டில் மேய்க்கக் கிடைத்தது நாற்காலி ஒன்று, டிவி ரிமோட் ஒன்று. இப்போது நாற்காலி பால்கனிக்குப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் மேலிருந்து தரை வரை வெள்ளைக் காகிதச் சுருள் தொங்கியது. "செருப்பைப் போட்டுக்கிட்டு அது மேல நடக்காதீங்க" என்று அவர் வீட்டிலேயே அவருக்கு உத்தரவு.

மாடலாக வந்த இளைஞன் ஒல்லியோ ஒல்லி. அப்பா அவனுக்குக் கொடிக்கம்பி என்று பெயர் வைத்தார். பெயர் பொருத்தம்தான் என்று நானும் மனசுக்குள் ஒப்புக்கொண்டேன். அவனுக்குப் போட்ட சட்டைகள் எல்லாம் பெரிய சைஸ். இரண்டு கொடிக்கம்பிகள் குடித்தனம் நடத்தலாம், அவ்வளவு இடம். ஆனால் படத்தில் கச்சிதமாக இருக்கும். எப்படி என்றால், மிச்சத் துணியை முதுகுப்பக்கம் இழுத்து மடித்து வரிசையாகக் கிளிப் போட்டுவிடுவார்கள். முன்னால் பார்த்தால் ராஜகுமாரன். பின்னால் பார்த்தால் முள்ளம்பன்றி.

அதைப் பார்த்த முதல் நாள் நான் வெகுநேரம் யோசித்தேன். எத்தனையோ குடும்பங்களை இப்படித்தான் முன்பக்கமிருந்தே பார்த்திருக்கிறோம். குடும்பத்தலைவர் கம்பீரமாக நிற்பார். அவர் முதுகுப்பக்கம் போய்ப் பார்த்தவர்கள் யார்? அங்கே தொளதொளத்ததை எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நிற்பாள். இதை நான் அப்பாவிடமே சொன்னேன். அவர் "உனக்கு காலேஜுல எதையாவது படிச்சுட்டு வந்து என்னையே உதாரணம் காட்டணும்" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"பெரிய சைஸ் சட்டையில பாதிக்கு மேல திரும்பி வருது. வாங்கறவங்க போட்டுப் பார்க்கறாங்க, படத்துல இருக்கற மாதிரி இல்லேன்னு திருப்பி அனுப்பிடறாங்க. நாளைக்கு எடுக்கற சட்டைங்களும் இப்படியே திரும்பி வந்தா அந்தப் பகுதியையே மூடிடுவாங்களாம்."

"மூடினா?"

"அதைப் பார்த்துக்கறது நான்தான். என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அப்பா முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. சாதத்தைப் பிசைவதுபோல் அதை மறைத்தார்.

"போனா போகட்டுமே. வீட்டுல இரு. சூடா எனக்கு ஒரு வாய் சோறு போட்டுக்கிட்டு, பேசிக்கிட்டு, நிம்மதியா இருக்கலாம்ல."

"அப்பா, உங்க சோத்தை நீங்க சூடு பண்ணிக்கறதுக்கும் அம்மா வேலைக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பொம்பளையோட உழைப்பை..."

"ஆரம்பிச்சுட்டாளா. ஏம்மா, மோரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு."

"தள்ளமாட்டேன். முதல்ல பதில் சொல்லுங்க."

அம்மாவே மோரைத் தள்ளினாள். "இதுக்கு வழி இருக்கு. பெரிய உடம்புக்காரர் ஒருத்தரை நிறுத்தி, கிளிப்பே போடாம எடுத்தா, வாங்கறவங்களுக்கு உள்ளது உள்ளபடி தெரியும். மேலிடத்துல சொல்லிப் பார்த்தேன். தொப்பையைப் பார்த்து எவன் சட்டை வாங்குவான்னு கேக்கறாங்க."

"சரியாத்தானே கேக்கறாங்க" என்று அப்பா தன்னுடையதைத் தடவிக்கொண்டார். "தொப்பைங்கறது குடும்ப விஷயம். நாலு சுவத்துக்குள்ள இருக்கணும்."

"ஆமாமா. யாரு அப்படி வந்து நிப்பாங்க" என்றாள் அம்மா. பிறகு எழுந்து போய், கிளிப்புகள் நிறைந்த நீல டப்பாவை எடுத்துவந்து சோபாவின் ஓரத்தில் வைத்தாள். அப்பா கைக்கு எட்டுகிற ஓரம். "நாளைக்கு எல்லாமே இந்த டப்பாவை நம்பித்தான். இது இல்லேன்னா ஒரு படம் எடுக்க முடியாது" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. நான் மோர் விஷயத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

காலையில் டப்பாவைக் காணோம்.

கொடிக்கம்பி சட்டை போட்டுக்கொண்டு வெள்ளைக் காகிதத்தில் நின்றான். செருப்புகளைக் கடைக்குத் திருப்பித் தரவேண்டும் என்பதால் அடியில் டேப் ஒட்டியிருந்தது. நடந்தால் சரக் சரக் என்றது. கேமராக்காரர் சோபாவின் அடியில் குனிந்து தேடினார். அவர் எப்போதும் துக்க வீட்டுக்கு வந்தவர்போல் இருப்பார், இப்போது உண்மையிலேயே துக்கம். அப்பா மட்டும் பால்கனியில் உட்கார்ந்து செய்தித்தாளில் வானிலை அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். மழை வராது என்ற ஒற்றை வரியை அரைமணி நேரம் படித்தார்.

நான் ஈரத் துண்டுகளைப் போடுவதற்காக வாஷிங் மெஷினைத் திறந்தேன். உள்ளே நீல டப்பா.

யார் வேலை என்று துப்பறியத் தேவையே இல்லை. அப்பா அந்த மெஷினை வாழ்நாளில் திறந்ததில்லை. ஆகவே அது யாருமே திறக்காத இடம் என்று நம்பியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அம்மா எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பாரு. இது குறும்பு இல்ல, சதி. உன் வேலையைக் காலி பண்றதுக்கு நம்ம வீட்டுக்குள்ளயே ஒரு ஆள்..."

"எங்க இருந்துச்சு?"

"வாஷிங் மெஷின்ல."

"அங்கயே வச்சுடு."

"என்னது?"

"அங்கயே வச்சு மூடிடு."

நான் வாயைத் திறந்தேன்.

"அதையும் மூடு" என்றாள் அம்மா. டீயை ஊற்றி முடித்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

கூடத்துக்கு வந்து அவள் மேலிடத்துக்குப் போன் செய்தாள். நான் கேட்டிராத ஒரு குரலில் பேசினாள். தழுதழுத்த குரல். "சார், கிளிப் டப்பா தொலைஞ்சுபோச்சு சார். துணி காயப்போடற கிளிப் போட்டா சட்டை முன்னால புடைச்சுக்கும். ஊசி குத்தினா ஓட்டை விழும், சாம்பிள் பாழாயிடும். புதுசு வாங்கிட்டு வர்றதுக்குள்ள வெளிச்சம் போயிடும், கேமராக்காரரும் மத்தியானம் வேற இடத்துக்குப் போகணும். ஆமா சார். இன்னைக்கே ஏத்தணும்தான் சார். எப்படியாவதா? சரி சார், நீங்க சொன்னா எப்படியாவது எடுத்துடறேன் சார்."

போனை வைத்தாள். தழுதழுப்பும் அதோடு போனது.

கிளிப் இல்லாத சட்டைக்குள் கொடிக்கம்பி நிஜமாகவே கொடிக்கம்பியாகிவிட்டான். மின்விசிறிக் காற்றுக்குச் சட்டை அவனைச் சுற்றிப் படபடத்தது. கேமராக்காரர் கேமராவைக் கீழே வைத்தார்.

அம்மா பால்கனிக்குப் போனாள்.

"ஏங்க, ஒரு நிமிஷம் வர்றீங்களா? இன்னைக்கு எடுக்கறது நடக்காதுபோல. சும்மா வெளிச்சம் மட்டும் பார்த்து வச்சுக்கறோம். ஒரு ஆள் நிக்கணும்."

அப்பா வென்றுவிட்டார். வென்றவர்கள் தாராள மனசுக்காரர்கள். "அதுக்கென்ன, நிக்கறேன்" என்று எழுந்தார்.

"இந்தச் சட்டையை மாட்டிக்கோங்க. கலர் எப்படி விழுதுன்னு தெரியணும்."

"முகம் வராதுல்ல?"

"கழுத்துக்குக் கீழதாங்க."

அப்பா நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு காகிதத்தின் நடுவில் நின்றார். ஒரு கையை இடுப்பில் வைத்தார். ஆபீசில் யாருக்காவது லீவு மறுக்கும்போது அப்படித்தான் நிற்பாராம், அம்மா பிறகு சொன்னாள். தோளில் சட்டை உட்கார்ந்தது. வயிற்றின் மேல் ஒரு மடிப்பு விழாமல் இறங்கியது. கேமராக்காரர் கண்ணைச் சுருக்கினார். துக்க வீட்டிலிருந்து கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல் ஆனார்.

"சார், கொஞ்சம் இடதுபக்கம் திரும்புங்க."

திரும்பினார்.

"கையை அப்படியே வைங்க சார். அருமை சார்."

படத்தைத் திரையில் காட்டியபோது அப்பா கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார்.

"சட்டை நல்லாத்தான் இருக்கு" என்றார் கடைசியில்.

"அடுத்தது பச்சை" என்றாள் அம்மா, பொத்தானை அவிழ்த்துவிட்டபடியே.

மத்தியானத்துக்குள் கட்டம் போட்டது, கோடு போட்டது, காலர் இல்லாதது எல்லாம் முடிந்தது. கடைசி சட்டையின்போது வெளிச்சம் போதவில்லை என்று கேமராக்காரருக்கே அப்பா பாடம் எடுத்தார். கொடிக்கம்பி சோபாவில் உட்கார்ந்து அவருக்குக் கைதட்டினான். அவனுக்கு அன்றைய சம்பளம் எப்படியும் உண்டு.

படங்கள் கம்பெனியின் ஆன்லைன் கடையில் ஏறின. சட்டைகள் போயின. போனவை போன இடத்திலேயே தங்கிவிட்டன. மேலிடம் இதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டு, பெரிய சைஸ் பகுதியை இன்னும் பெரிதாக்கியது. மாதாமாதம் எடுக்கவேண்டும், அதே ஆளை வைத்தே எடுக்கவேண்டும் என்றது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"அப்போ நீ வேலையை விடப்போறதில்லையா?"

"நான் விட்டா உங்களை யாரு ஏற்பாடு பண்ணுவாங்க?" என்றாள் அம்மா.

என்னால் பொறுக்க முடியவில்லை. உண்மை தெரியாமல் ஒரு மனிதர் ஏமாறுவது எனக்குப் பிடிக்காது, அது அப்பாவாகவே இருந்தாலும். அடுத்த படப்பிடிப்பு நாளில் அவர் ஆவிபறக்கும் இஸ்திரியை வைத்துக்கொண்டு தன் சட்டைகளைத் தானே நீவிக்கொண்டிருந்தபோது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டப்பாவை அம்மா ஏன் அவர் பக்கத்தில் வைத்தாள், நான் எடுத்ததை ஏன் திரும்ப அங்கேயே வைக்கச் சொன்னாள், போனில் ஏன் தழுதழுத்தாள்.

அப்பா இஸ்திரியை நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க ஏமாந்திருக்கீங்கப்பா."

"தெரியுது."

"கோபம் வரலையா?"

"வரணும்" என்றார். "ஆனா பாரு, ஒரு வருஷமா நான் எங்க நின்னாலும் எல்லாரும் நகரச் சொன்னாங்க. பெருக்கணும் நகருங்க, துடைக்கணும் நகருங்கன்னு. அந்தக் கேமராக்கார ஆளுதான் அப்படியே நில்லுங்க சார்ன்னான்."

அவர் சண்டைக்கு வராத கடுப்பில் நேராக அம்மாவிடம் போனேன். அவள் உள்ளறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மாகிட்ட வாதாடாதே" என்று அப்பா பின்னாலிருந்து சொன்னார். நான் கேட்கவில்லை.

"நீ பண்ணினது சரியாம்மா? ஒண்ணு வேணும்னா நேரா கேக்கணும். தந்திரம் பண்ணி வாங்கினா அது உரிமையே இல்ல."

"நீ நேராத்தானே கேக்கறே. இதுவரைக்கும் அவர்கிட்ட என்ன வாங்கியிருக்கே?"

யோசித்தேன். அன்றைக்கு மோர்கூட அவர்தான் வாங்கினார். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, இன்னும் பெரிய கேள்விக்குத் தாவினேன்.

"சரி, ஆம்பளைங்களுக்கு உண்மையைக் காட்டிட்டே. பொம்பளைங்க துணிக்கு? அங்க இன்னும் அதே ஒல்லி மாடல், அதே முதுகு நிறைய கிளிப். அதைப் பார்த்துட்டு எத்தனை பொண்ணுங்க தன் உடம்புலதான் ஏதோ தப்புன்னு நினைச்சு அழறாங்க தெரியுமா? இது வியாபாரம் இல்லம்மா, அநியாயம்."

"என்ன பண்ணலாங்கறே?"

"சாதாரணப் பொண்ணை நிறுத்து. பஸ்ஸுல போற, காலேஜுல படிக்கற, இடுப்பு கொஞ்சம் பெருசா இருக்கற, கண்ணாடி போட்ட பொண்ணை நிறுத்து. அவளுக்கு அதுல வெக்கம் இருக்கக் கூடாது. வெக்கப்பட்டா அவளும் இந்தப் பொய்க்கு உடந்தைன்னுதான் நான் சொல்லுவேன்."

மேசையைக்கூடத் தட்டினேன். தட்டிய வேகத்தில் என் மூக்குக் கண்ணாடி நழுவியது. அம்மா கடைசித் துணியை மடித்துவைத்தாள். என் பேச்சை அவள் அவ்வளவு நேரம் குறுக்கிடாமல் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"நீ சொல்றது நியாயம்" என்றாள். "திங்கட்கிழமை வகுப்புக்கு லீவு சொல்லிடு."