பாரம் கொடுத்த பாரத்தம்மா

காரைக்காலில் யாருக்கும் பயப்படாத ஜீவன்கள் இரண்டே இரண்டு. ஒன்று, காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் வந்து உட்காரும் காக்காய். இன்னொன்று, எங்கள் கிளை நூலகர் பாரத்தம்மா. காக்காயையாவது கையை ஓங்கினால் விரட்டிவிடலாம்.

பாரம் என்றதும் உடம்பைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். குடையோடு சேர்த்து நிறுத்தாலும் நாற்பது கிலோ தேற மாட்டார். யாராவது வந்து, "இந்தப் புத்தகம் மோசம், அலமாரியிலேருந்து தூக்குங்க" என்றால், மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பாரத்தை எடுத்து நீட்டுவார். "நிரப்பிக் கொடுங்க." அதனால் பாரத்தம்மா. அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் நொத்தேர் ஆபீசில் பத்திரம் எழுதியவர். எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது அவர்கள் வீட்டு வேதம்.

அந்தப் பாரத்துக்கு ஸ்டென்சில் வெட்டியவன் நான்தான். எழுபதுகளின் கடைசியில் நூலகத்துக்கு எதிர் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். கேள்விகள் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். புத்தகத்தை முழுவதும் படித்தீர்களா? எந்தப் பக்கம் தவறு? அதற்கு முந்தின பக்கத்தில் என்ன நடக்கிறது? படித்ததில் நீங்கள் கெட்டுப்போனீர்களா? இல்லையென்றால் யார் கெட்டுப்போவார்? அவரைக் கேட்டீர்களா?

"கடைசிக் கேள்வி கொஞ்சம் ஜாஸ்தி இல்லீங்களாம்மா?" என்றேன்.

"அதுதான் தம்பி என் ஆராய்ச்சியே."

விளையாட்டில்லை. நிரப்பி வந்த பாரங்களை ஆண்டுவாரியாகக் கட்டி வைத்து, ஒரு நீள நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷத்துல, 'நான் கெட்டுட்டேன்'னு ஒருத்தரும் எழுதல தம்பி. அடுத்த வீட்டுக்காரன் கெட்டுடுவான்னுதான் எல்லாருக்கும் கவலை." அதையே கட்டுரையாக எழுதி ஏதோ மாநாட்டுக்கு அனுப்பினார். பதில் வரவே இல்லை. அவர் வருத்தப்படவும் இல்லை. "பெரிய கட்டுரை. மெதுவாத்தான் படிப்பாங்க."

நெரவியிலிருந்து ஒரு ரைஸ் மில் முதலாளி வந்தார். விதவை ஒருத்தி மறுகல்யாணம் செய்துகொள்ளும் நாவல். அதை எரிக்க வேண்டும் என்றார். பாரம் கைக்கு வந்தது.

"முழுசா படிச்சீங்களா மொதலாளி?"

"சாக்கடையில இறங்கித்தான் நாத்தம் பாக்கணுமா?"

"ஆமாங்க. பாரத்துல அப்படித்தான் இருக்கு."

மனிதர் ஃபேனுக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்து கோபமாகப் படிக்க ஆரம்பித்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். நாலாம் நாள் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு அப்புறம் நல்லா இருந்துச்சா? இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்காம்மா?" என்று கேட்டார். பாரம் வெற்றுத்தாளாகவே திரும்பி வந்தது. பாரத்தம்மா அதையும் நோட்டில் ஏற்றினார்.

எல்லோரும் முதலாளி மாதிரி இருப்பார்களா? ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் நேரே புதுச்சேரிக்கே மனு போட்டுவிட்டார். ஒருநாள் காலையில் ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி கையில் பதினோரு புத்தகங்களின் பட்டியல்.

"சாயங்காலத்துக்குள்ள இதெல்லாம் அலமாரியில இருக்கக் கூடாது."

"எழுத்துல கொடுங்க சார், காரணத்தோட."

"எழுத்துல எல்லாம் கிடையாது. மேலேருந்து வாயால சொன்னது."

"அப்ப இந்தப் பாரத்தையாவது நிரப்புங்க."

"நான் ஆபீசர்ம்மா!"

"ஆபீசருக்குன்னு தனிப் பாரம் இல்லீங்க சார். இதேதான்."

பேப்பர் படிக்க வந்திருந்த நான் பேப்பருக்குள் ஒளிந்துகொண்டேன். அதிகாரிக்குக் காது சிவந்துவிட்டது. "சரி, நானே ஜீப்புல எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"தாராளமா எடுத்துக்குங்க. கார்டு இருக்கா?"

கார்டு இல்லாமல் புத்தகம் வெளியே போகாது. ஒரு கார்டுக்கு இரண்டு புத்தகம். பதினாலு நாளில் திருப்ப வேண்டும். வெளியூர்க்காரர் என்றால் உள்ளூரில் சொந்த வீடு உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி என்னைப் பார்த்தார். "நான் வாடகை வீடுங்க சார்" என்றேன். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் வாடகை வீட்டுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

மனு போட்ட பெரிய மனிதருக்கே ஜீப் போயிற்று. வந்தார். விஷயத்தைக் கேட்டதும் இரண்டடி பின்வாங்கினார். "ஐயையோ! இந்தப் புத்தகத்துக்கெல்லாம் நான் ஜாமீன்னு ஏட்டுல ஏறுமே! நாளைக்குக் கடைத்தெருவுல நான் எப்படி நடக்கறது?"

அதிகாரி ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். போகும்போது, "நம்ம ஏனாம் கிளை ஆந்திராவுக்குள்ள, ரொம்ப தூரம்மா. தெலுங்கு தெரியுமா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஜீப் சத்தம் ஓய்ந்த பிறகு பாரத்தம்மா ஸ்டாம்ப் பேடை மூடப் பார்த்தார். மூடி பொருந்தவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார், அப்போதும் பொருந்தவில்லை. நான்தான் எழுந்து போய் மூடினேன். அவருக்கும் பயம் உண்டு என்று ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. வீட்டில் நானும் கமலாவும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதே இல்லை. நூலகத்தில் ஒரு டாக்டர் எழுதிய புத்தகம் இருந்தது, குழந்தையின்மை பற்றி, ஆணுக்கும் குறை இருக்கலாம் என்று தைரியமாகச் சொன்ன புத்தகம். வியர்த்துக்கொண்டே கொண்டுபோய் நீட்டினேன். பாரத்தம்மா அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. தேதி முத்திரை குத்தி, "அடுத்தவங்க" என்றார். இன்ஸ்டிட்யூட்டில் வைத்துப் படித்தேன். இரண்டு தடவை தவணை நீட்டித்து, ஒரு வழியாகத் திருப்பினேன்.

மூன்றாம் நாள் வீட்டில் தீப்பெட்டி தேடும்போது, அரிசி டின்னுக்குப் பின்னால் நியூஸ்பேப்பர் சுற்றிய ஒரு புத்தகம். அதே புத்தகம்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

கமலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் கோபம் வந்தது. "நான்தான் எடுத்தேன். ஒன்றரை மாசமா எவனோ இதை வச்சுக்கிட்டுத் தரவே இல்ல. வாராவாரம் போயி நின்னேன். யாரும்மா அதுன்னு கேட்டா, 'ஒரு வாசகர்'ங்கறாங்க. கட்டையில போறவன்னு தினமும் திட்டினேன்."

"அந்தக் கட்டையில போறவன் நான்தான்."

அவள் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிற மட்டும் சிரித்தாள். ஆறு வருஷம் பேசாததை எல்லாம் அன்றைக்குத்தான் உட்கார்ந்து பேசினோம். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் போனோம்.

பாரத்தம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "அவ கேட்டப்ப, உன் புருஷன்தாம்மா வச்சிருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லியிருந்தா, அவங்க இன்னொரு தடவை இந்தப் படியேறியிருப்பாங்களா தம்பி?"

அந்த மாதமே ஏனாம் மாற்றல் உத்தரவு வந்தது. எழுத்தில் வந்திருந்ததால் அவருக்கு ஆட்சேபணையே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ரைஸ் மில் முதலாளியும் வந்திருந்தார். கமலா புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள். பாரத்தம்மா மடியில் அந்த நீள நோட்டு, அதன்மேல் 'முப்பது நாளில் தெலுங்கு'. பதினோரு புத்தகங்களும் அலமாரியில் அப்படியே இருந்தன.

புதிதாக வந்த நூலகர் மிகவும் தங்கமானவர். ஒரு புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பேர், தெரு, வீட்டு வாசல் கேட் என்ன கலர் என்பதுவரை சொல்லிவிடுவார். நானும் கமலாவும் அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்தப் படியேறவில்லை.