அறுநூறு கதவுகளும் ஓர் அறையும்

இன்று ஜெயித்தே தீருவது என்று பல் துலக்கும்போதே முடிவு கட்டிவிட்டான் நம் ஆள். தொழிலில் புரோகிராமர். வீட்டில் அவன் அலுவலகம், வாஷிங் மெஷினுக்கும் குளியலறைக்கும் நடுவே கிடந்த ஒரு மடக்கு மேசை. மெஷின் சுற்றினால் மேசையும் ஆடும். வீடியோ மீட்டிங்கில் பார்ப்பவர்கள், பாவம் மனுஷன் நம்மைக் கண்டு நடுங்குகிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி மொழிபெயர்ப்பாளர். சாப்பாட்டு மேசைதான் அவள் ஆபீஸ். ஜன்னலும் தாழ்ப்பாளும் உள்ள அறை ஒன்று அட்டைப்பெட்டிகளோடு சும்மா கிடந்தது. அது யாருக்கு என்று எட்டு மாதமாக வீட்டில் பனிப்போர்.

அன்றைக்கு அவளுக்கு ஒரு லிஃப்ட் கம்பெனியின் கையேடு மதியம் மூன்று மணிக்குள் போயாக வேண்டும். ‘கதவு’ என்று வரும் அறுநூறு இடங்களிலும் அது உள்கதவா, வெளிக்கதவா என்று படித்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். மொத்தமாக மாற்றிவிட வழியில்லை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று நம் ஆள் களத்தில் குதித்தான்.

"ஆளுக்கு முந்நூறு கதவு. யாரோட பங்கு முதல்ல முடியுதோ, அறை அவங்களுக்கு. சம்மதமா?"

"பின்னாடி பேச்சு மாற மாட்டீங்களே?"

"யாரு, நானா?"

சும்மா சொல்லவில்லை அவன். இரண்டு பேர் கணினியிலும் எழுதவும் திருத்தவும் ஒரே எடிட்டர் மென்பொருள். நிரல் எழுதத் தெரிந்தவன் சொன்னபடியெல்லாம் அது ஆடும். ‘உள்’ சேர்த்து அடுத்த கதவுக்குத் தாவ மூன்று விசை, ‘வெளி’க்கு மூன்று விசை என்று இரண்டிலும் போட்டுக் கொடுத்தான். தன் கணினியில் மட்டும் சத்தமில்லாமல் இன்னொரு வேலை செய்துவைத்தான். முதல் தடவை மூன்றையும் அழுத்தினால் போதும். அதற்கப்புறம் ‘உள்’ளுக்கோ ‘வெளி’க்கோ உரிய கடைசி விசையை மட்டும் தட்டத் தட்ட அதே வேலை திரும்பத் திரும்ப நடக்கும்.

பதினொரு மணிக்கு ஆரம்பித்தார்கள். பதினொன்று இருபதுக்கு அவன் தொண்ணூறு, அவள் நாற்பது. அறை அவன் கைக்குள் வந்துவிட்ட மாதிரிதான். அப்போது மனைவி எழுந்து வந்து பின்னால் நின்றாள்.

"ஏங்க, என் பக்கம் டடடக், டடடக்னு கேக்குது. உங்க பக்கம் வெறும் டக், டக். என்ன சேதி?"

ரகசியம் காப்பது ஒரு கலை. அந்தக் கலையில் அவனுக்கு எப்போதும் பூஜ்யம். இரண்டே நிமிஷத்தில் எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

"அடேங்கப்பா! நீங்களே யோசிச்சதா?"

கல்யாணமான நாள் முதல் அவள் வாயிலிருந்து அடேங்கப்பா வந்ததே இல்லை. அவனுக்குத் தலை கால் புரியவில்லை. ஐம்பது கதவு முன்னால் இருக்கிறோமே, அஞ்சு நிமிஷம் போனால் என்ன என்று அவள் கணினிக்கும் அதைப் போட்டுக் கொடுத்தான்.

"நான் படிச்சு யோசிக்கறதுக்குள்ள அது நின்னுபோயிடுதே!"

"பதினஞ்சு செகண்ட் சும்மா இருந்தா நின்னுடும், திரும்ப மூணு விசையும் அழுத்தணும். அப்படித்தான் வெச்சிருக்கேன்."

"எனக்கு முப்பது செகண்ட் வேணும்னா முடியாதா? முடியலன்னா பரவால்ல, விடுங்க."

முடியலையா? அவனாலா? நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எத்தன செகண்ட்ங்கறத இனி நீயே மாத்திக்கலாம். போதுமா?"

"பத்துப் பதினஞ்சு கதவுல தட்டிப் பாருங்க. படிச்சுப் பாத்துத் தட்டுங்க. தப்பாப் போட்டு எவனாவது லிஃப்ட்ல மாட்டினா என் தலைதான் உருளும்."

படித்துப் படித்துத் தட்டினான். சரியாக வேலை செய்தது. பக்கத்து அறையில் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. அவன் காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை.

"விசை என் சுண்டுவிரலுக்கு எட்டலையே. வேற விசை வெச்சுக்க முடியுமா?"

"எந்த விசை வேணும்னாலும் வெச்சுக்கலாம்!" தட்டிப் பார்த்தான். நாற்பது கதவு.

"தாண்டிப் போயிட்டா பின்னாடி வர?"

"அதுக்கும் ஒரு விசை!" இன்னும் அறுபது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க. எந்த விசைய அழுத்தினா இது நிக்கணும், எத அழுத்தினா நிக்கக் கூடாதுன்னு நானே முடிவு பண்ண வழி உண்டா?"

அதற்கு ஒரு பட்டியலே தயாரித்தான். நெற்றியில் வியர்வை, கண்ணில் பரவசம். தட்டினான், தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். திடீரென்று திரை அசைய மறுத்தது. அடியில் ஒரு வரி: ‘கதவு இனி இல்லை.’

மணியைப் பார்த்தான். இரண்டு இருபது. அவன் பங்கில் இருநூற்றுப் பத்து கதவு அப்படியே இருந்தது.

"உன் பங்க முடிச்சது நான்!"

"இல்லன்னு யாரு சொன்னா? முதல்ல முடிஞ்சது என் பங்கு. உங்களுத மூணு மணிக்குள்ள முடிங்க, இல்லன்னா இந்த வேலை கைவிட்டுப் போயிடும்."

வாதாட நேரமில்லை. மடக்கு மேசைக்கு ஓடினான். விரல் வீங்கத் தட்டி இரண்டு ஐம்பத்தெட்டுக்கு முடித்தான். கையேடு போய்ச் சேர்ந்தது. அப்புறம்தான் அந்த அறைக்குப் போனான். ஜன்னலோரம் மேசை, விளக்கு, நாற்காலி எல்லாம் குடியேறியிருந்தன. அவளும்தான்.

"உண்மையச் சொல்லு. அந்த முப்பது செகண்ட் உனக்கு நிஜமாவே தேவைப்பட்டுதா?"

"எனக்கெதுக்குங்க? உங்கள என் இடத்துல உக்கார வெக்கத்தான் தேவைப்பட்டுது."