கருப்பிக்குக் கறுத்த கண்ணாடி

ஜவ்வாது மலைக்கு ரோடு வந்து சேரப் பல வருஷம் பிடித்தது. சாமியார் வந்து சேர ஒரு வேனும் நாலு நீலத் தார்ப்பாயும் போதுமாக இருந்தன.

ஜமுனாமரத்தூரில் மலை ஓட்டப் போட்டிக்கு நாள் குறித்ததுதான் தாமதம், மைதானத்துக்குப் பக்கத்தில் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்துவிட்டார் நேத்ரானந்த சுவாமிகள். கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுப்பவர்கள் உலகத்தில் உண்டு. இவர் ராசியைப் பார்த்துக் கூலிங் கிளாஸ் கொடுப்பவர். மேஷத்துக்குச் சிவப்பு, ரிஷபத்துக்குப் பச்சை, மிதுனத்துக்கு ஊதா. ராசிக் கண்ணாடி போட்டு ஓடினால் சூரிய பகவானே முன்னால் ஓடி வழிகாட்டுவாராம். பகவானுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்!

போளூரிலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து குவிந்தது கூட்டம். ஓடுகிறவர்கள் வந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் வந்தார்கள். கிளம்புகிற பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத ஆசாமிகளும் வந்தார்கள். மேஷராசி அன்பரசன் சிவப்புக் கண்ணாடியோடு ஒத்திகை ஓடி, முள்ளுப்புதருக்குள் போய் விழுந்தான். "நல்ல காலம், ராசிக் கண்ணாடி போட்டிருந்தான். இல்லன்னா கிணத்துல விழுந்திருப்பான்" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்தப் பக்கம் கிணறே கிடையாது.

அந்த வரிசையில் செல்லியம்மாளும் நின்றாள், மகள் பிரியதர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலிதான் இருவரையும் கூட்டி வந்திருந்தாள்.

செல்லியம்மாள் ஏமாளி இல்லை. புளி வாங்க வருகிற வியாபாரிகள் அவள் முன்னால் தராசைத் தொடவே பயப்படுவார்கள். ஆனால் மகள் விஷயத்தில் அவளுக்குத் தைரியம் போதாது. போன வருஷப் போட்டியில் பிரியதர்ஷினிதான் முதலாவதாக ஓடி வந்துகொண்டிருந்தாள். கடைசி வளைவில் காலை வெயில் நேரே முகத்தில் அடித்தது. கல் தெரியவில்லை. விழுந்தவள் முழங்காலில் ரத்தம் கொட்டியதைப் பார்த்துத் தாய் அலறிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வளைவென்றாலே அவளுக்குப் பயம். பயந்தவளுக்கு இருட்டெல்லாம் பேய். சாமியார்களுக்கு அந்த இருட்டுதான் மூலதனம்.

"யம்மா, எனக்கு வேணும்றது மூக்குலேர்ந்து நழுவாத கண்ணாடி. ஜாதகம் பாக்கற கண்ணாடி இல்ல" என்றாள் பிரியதர்ஷினி.

"சும்மா கெடடி! உனக்கு இன்னா தெரியும்?"

சீடன் முனிசாமி வரிசை நெடுக நடந்து எல்லோரிடமும் அன்பாக விசாரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா, வூட்ல ஆடு மாடு கீதா?"

"ஒரு ஆடு கீதுப்பா. கருப்பின்னு பேரு. செனையா கீது."

"நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்" என்று ஆசீர்வதித்துவிட்டுத் தார்ப்பாய்க்குள் நுழைந்தான். குரு ஞானதிருஷ்டியில் எல்லாம் அறிந்தவர்தான். இருந்தாலும் ஒரு வார்த்தை காதில் போட்டு வைத்தால் திருஷ்டிக்குச் சிரமம் குறையும் அல்லவா?

உள்ளே ஒரு டியூப் லைட் எரிந்தது. சாமியிடம் தேர்வுக் கண்ணாடி ஒன்று இருந்தது. பார்க்க வெறும் வெள்ளைக் கண்ணாடி. போட்டவரை அது ஏற்றுக்கொண்டால் தானாகக் கறுக்கும். ஒதுக்கினால் வெள்ளையாகவே நிற்கும். உள்ளே அது யாருக்கும் கறுத்ததில்லை. ஆகவே எல்லோருக்கும் தோஷம். கோழி வைத்திருப்பவனுக்குக் கோழி தோஷம். பலாப்பழம் வைத்திருப்பவனுக்குப் பலாப்பழ தோஷம். பரிகாரத்தைக் கொடுத்த பிறகு, "வெளியே போய் சூரியனைக் கும்பிடு" என்பார் சாமி. வெளியே போனால் கண்ணாடி குப்பென்று கறுக்கும். கூட்டம் அரோகரா போடும். பிறகென்ன, ராசிக் கண்ணாடி வியாபாரம்தான். கறுத்த கண்ணாடியை முனிசாமி, அதே மாதிரி இன்னும் இரண்டு இருக்கிற ஒரு பெட்டிக்குள் வைத்து, "தியானத்துக்குப் போகுது" என்பான். கொஞ்ச நேரத்தில் அது பாவம் நீங்கி வெள்ளையாக வெளியே வரும்.

பிரியதர்ஷினிக்கும் கறுக்கவில்லை.

"கண்ணுல சனி உக்காந்திருக்கான் தாயே" என்றார் சாமி. "கண்ணாடி ஒதுக்கின பொண்ணு ஓடினா பார்வை போய்டும். பரிகாரம் உண்டு. கறுப்பா, கொம்பு வச்சு, செனையா..."

"எங்க கருப்பி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் செல்லியம்மாள். பார்க்காமலே சொல்லிவிட்டாரே!

வீட்டுக்கு வந்ததும் தாய் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஆட்டக் குடுத்தா ஓடலாம். இல்லன்னா நீ ஓட வேணாம். எனக்கு நீ கண்ணோட வேணும்."

"ஒரு வருஷமா விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடனேன்ம்மா" என்றாள் மகள். தாய் அசையவில்லை. பிரியதர்ஷினி கருப்பியைப் பார்த்தாள். கருப்பி அவள் துப்பட்டாவை மென்றுகொண்டிருந்தது.

"சரி, ஓட்டினு வா. நானும் வர்றேன்."

மறுநாள் கருப்பியைத் தார்ப்பாய்க்கு வெளியே கட்டிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். சாமி மந்திரம் சொன்னார், விபூதி அடித்தார், தேர்வுக் கண்ணாடியை மகள் கையில் கொடுத்தார்.

"சனி எறங்கிட்டான். போட்டுக்கினு போய் சூரிய பகவானைக் கும்பிடும்மா."

பிரியதர்ஷினி போட்டுக்கொள்ளவில்லை. துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனவள், கருப்பியின் முகத்தில் மாட்டி, கொம்போடு சேர்த்து ரிப்பனால் கட்டிவிட்டாள். கருப்பி தலை நிமிர்ந்து, அசை போட்டபடியே சூரியனைப் பார்த்தது.

கண்ணாடி குப்பென்று கறுத்தது.

"ஆட்டுக்குக் கறுத்துட்டுதுடி!" என்று அலறினாள் கூட்டத்தில் நின்ற பாஞ்சாலி. கும்பிடுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கூட்டம் பாதிக் கையைத் தூக்கி நின்றது.

சாமி ஓடி வந்தார். பார்த்தார். சாமியாயிற்றே, சளைப்பாரா? "இந்த ஆட்டுக்குள்ள ஒரு புண்ணிய ஆத்மா கீது!" என்றார்.

பிரியதர்ஷினி உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து இன்னொரு தேர்வுக் கண்ணாடியை எடுத்து வந்தாள். தியானம் முடித்த வெள்ளைக் கண்ணாடி. அதைச் சாமி கழற்றிவிட்டிருந்த செருப்பின் மேல் வெயிலில் வைத்தாள். அதுவும் கறுத்தது.

"செருப்புக்குள்ள யாரோட ஆத்மா சாமி? இது வெயில் பட்டா கறுக்கிற கண்ணாடி. கண்ணாடிக் கடையிலயே கிடைக்குது. எங்க காலேஜ் மேடம் போட்டிருக்காங்க. கிளாஸ்குள்ள வெள்ளை, வெளிய வந்தா கறுப்பு. அவங்க ஒரு நாளும் எங்ககிட்ட ஆடு கேக்கல."

செல்லியம்மாளுக்கு முகம் சிவந்தது. வெட்கம் பாதி, ஆத்திரம் பாதி. அவளுக்குள் இருந்த புளிக்காரி விழித்துக்கொண்டாள். தராசு சரியா என்று பார்க்க வியாபாரியின் படிக்கல்லையே ஏற்றிப் பார்ப்பவள் அல்லவா அவள்?

"வாங்க சாமி உள்ள" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய், டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார வைத்தாள். பெட்டியில் மிச்சமிருந்த வெள்ளைக் கண்ணாடியை அவர் மூக்கிலேயே மாட்டினாள். கூட்டம் வாசலில் நின்று கழுத்தை நீட்டியது.

கண்ணாடி வெள்ளையாகவே இருந்தது.

"கொ... கொஞ்ச நேரம் ஆவும் தாயே."

"ஆவட்டும். நாங்க இன்னா பஸ்ஸா புடிக்கப் போறோம்?"

கொஞ்ச நேரமும் ஆயிற்று. சாமியின் முகம்தான் கறுத்தது.

"அய்யய்யோ, சாமியையே ஒதுக்கிட்டுதே!" என்று கையைத் தட்டினாள் செல்லியம்மாள். "கண்ணுல சனி! பரிகாரம் பண்ணலன்னா பார்வை போய்டும். ஆடு வச்சிருந்த எனக்கு ஆட்டு தோஷம். வேன் வச்சிருக்கிற உங்களுக்கு வேன் தோஷம். எடுங்க சாவிய!"

முதலில் ஓடியவன் முனிசாமி. அடுத்தவர் குரு, சாவியைப் போட்டுவிட்டு, செருப்பும் இல்லாமல். எந்தப் பயிற்சியும் இல்லாமல் போளூர் ரோட்டில் அவர் ஓடிய வேகத்தை இந்த மலை இதுவரை பார்த்ததில்லை. கூட்டம் வேனைத் திறந்தபோது ஊர்க் கோழிகளெல்லாம் ஒன்றாகக் கொக்கரித்துக்கொண்டு இறங்கின.

அன்று மாலையே தாயும் மகளும் போளூரில் கண்ணாடி வாங்கினார்கள். பிரியதர்ஷினி ஒவ்வொன்றையும் மாட்டித் தலையை உதறினாள், குனிந்தாள், கடைக்குள்ளேயே குதித்தாள். நழுவியதெல்லாம் தள்ளுபடி. மிஞ்சியதைப் போட்டுக்கொண்டு வாசல் மரத்தடியில் நின்று பார்த்தாள். நிழலில் வேர் தெரியாத கண்ணாடியும் தள்ளுபடி. கடைசியில் தேறியது ஒரு லேசான பழுப்புக் கண்ணாடி. கீழே விழுந்தாலும் சில்லுச் சில்லாகச் சிதறாது, வெயிலின் கெட்ட கதிரை உள்ளே விடாது என்று எழுதின சீட்டோடு கடைக்காரர் கொடுத்தார்.

"இன்னா ராசிக்குடி இது?" என்றாள் செல்லியம்மாள், கேலியாகத்தான்.

"என் மூக்கு ராசிக்கும்மா."

போட்டியன்று அந்தக் கடைசி வளைவில் போய் நின்ற செல்லியம்மாள், மகள் வருவது தெரிந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது மகள் வளைவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தாள். செல்லியம்மாள் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பிரியதர்ஷினி இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்த கலசப்பாக்கத்துப் பெண்ணுக்குக் கண்ணாடியும் இல்லை, தன் ராசி என்னவென்றும் தெரியாது. கால் மட்டும் நல்ல நீளம்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை பாஞ்சாலி, மஞ்சள் குங்குமத்தோடும் ஒரு கட்டு அகத்திக்கீரையோடும் வந்து, கருப்பி முன்னால் விழுந்து கும்பிட்டாள். பின்னால் நாலைந்து பேர் வரிசை கட்டி நின்றார்கள்.

"புண்ணிய ஆத்மா உள்ள ஆடாச்சேக்கா" என்றாள்.

கருப்பி அவளைச் சட்டை செய்யவில்லை. கீரைக்கட்டை இப்படி ஒருதரம் மோந்தது, அப்படி ஒருதரம் மோந்தது, அழுகின தழையை ஒதுக்கிவிட்டு மற்றதைக் கடித்தது.

"நல்லாப் பாத்துக்கடி பாஞ்சாலி" என்றாள் செல்லியம்மாள். "நீயே கும்பிட்டுக் குடுத்தாலும் ஆடு மோந்து பாத்துட்டுத்தான் வாய வைக்குது. நாமதான் நீட்டனதெல்லாம் முழுங்கிட்டோம்."