வியர்க்கும் கல்லும் தொண்டைக் கசப்பும்

ஊரே கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓடியது. எங்கே? ஒளிக்கையாரிடம்!

ஒளிக்கையார் என்பது அவராகவே தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர். அதற்கு முன்னால் அவர் என்ன பிழைப்புப் பிழைத்தார் என்று எவருக்கும் தெரியாது. கேட்க எவருக்கும் தோன்றவும் இல்லை. ஒரு காலத்தில் மரச்சாமான் விற்ற நீளக் கூடம். நடுவில் மேஜை. மேஜைமேல் பட்டுத் துணியில் சுற்றிய வெள்ளைக் கல் ஒன்று. கோழி முட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. அந்தக் கல் வியர்க்கும்! ஆமாம் ஐயா, வியர்க்கும். நமக்கெல்லாம் வெயிலில் வியர்க்கும், முதலாளி கூப்பிட்டால் வியர்க்கும். அந்தக் கல்லுக்கோ பக்தர்களின் சிவந்த கண்ணைக் கண்டால் வியர்க்குமாம். அவ்வளவு கருணை!

ஒளிக்கையார் துணியைப் பிரிப்பார். கல்லின் அடிப்பக்கம் பளபளவென்று ஒரு பிசுக்கு இருக்கும். அதை மோதிர விரலால் வழித்து, வந்தவரின் கீழ் இமையை இழுத்து ஒரே தீற்று. கோவைப்பழமாகச் சிவந்திருந்த கண் சீக்கிரமே வெளுத்துவிடும். எரிச்சல், அரிப்பு, உறுத்தல் எல்லாம் போயே போச்சு. ஒருவர் கண்ணைத் தொட்ட விரல் அப்படியே அடுத்தவர் கண்ணுக்குப் போகும். நடுவில் அது தண்ணீரைப் பார்த்ததே இல்லை. புனிதத்துக்கு எதற்கு சோப்பு?

இதைவிடப் பெரிய அற்புதம் ஒன்று உண்டு. தடவிய சற்று நேரத்தில் தொண்டை கசக்கும்.

"கண்ணுல ஏறின பொறாமை தொண்டை வழியா இறங்குது. துப்பாதீங்க, முழுங்குங்க!" என்பார் ஒளிக்கையார்.

போதாதா? யாருக்கு அதிகம் கசந்தது என்று கூடத்தில் போட்டியே நடந்தது. "எனக்கு நாக்கு வரைக்கும் கசந்துச்சு" என்று ஒருவர் நெஞ்சை நிமிர்த்துவார். "எனக்கு வீட்டுக்குப் போயும் விடலைங்க" என்று இன்னொருவர் மிஞ்சுவார். அடுத்தவர் பார்த்துப் பொறாமைப்பட ஒரு நல்ல சட்டைகூட இல்லாதவர்களும் கசக்கிறது கசக்கிறது என்று பெருமை அடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பெருமைக்காரர்களில் முதல் வரிசை வாத்தியார். பள்ளிக்கூட வாத்தியார் அல்ல, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். கடைத்தெருவில் அவரும் அவர் மனைவியும் சேர்ந்து ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்தினார்கள். ஆண்களுக்கு அவர், பெண்களுக்கு மனைவி. அந்த அம்மாளைத் தெருவே 'அண்ணி' என்றுதான் கூப்பிடும்.

நாள் முழுக்க ரோட்டுத் தூசியில் கிடந்து வாத்தியாரின் கண் அடிக்கடி சிவக்கும். முதலில் எப்போதாவது ஒளிக்கையாரிடம் போனார். பிறகு வாரம் தவறாமல் போனார். பிறகு தினமும் கூடத்தில் தலையைக் காட்டிவிட்டுத்தான் காரில் ஏறினார். ஒருமுறை வெளியூர் போய் நாலு நாள் போகாமல் விட்டதும், கண் முன்னைவிடச் சிவந்துவிட்டது.

"பார்த்தியா? பக்தி கொஞ்சம் குறைஞ்சாலும் கண்ணு காட்டிக்குடுத்துடுது!" என்றார்.

அண்ணிக்கும் முதலில் சந்தோஷம்தான். கணவர் கண் வெளுத்தால் எந்தப் பெண்டாட்டிக்குக் கசக்கும்? ஆனால் ஒரு வருஷம் போனபின், வேறு சில சங்கதிகள் அவள் கண்ணில் பட்டன. வாத்தியார் கார் ஷெட்டின் இடதுபக்கத் தூணை இடித்தார். அடுத்த வாரம் அதே தூணை மறுபடி இடித்தார். தூண்மேல் கோபப்பட்டார். பாடம் கற்க வந்த தையற்காரர் ஒருவர், "சார், சைக்கிள்! சைக்கிள்!" என்று அலறி, தானே பிரேக்கை மிதித்தார். கற்றுக்கொடுப்பவர் யார், கற்றுக்கொள்பவர் யார் என்று அந்தச் சைக்கிள்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒருநாள் வீட்டு விளக்கைப் பார்த்து வாத்தியார் பூரித்துப்போனார்.

"அடியே, இங்க வா! பல்பைச் சுத்தி வானவில் மாதிரி வட்டம் தெரியுது. எனக்கு அருள் வந்துடுச்சு!"

அண்ணி பல்பைப் பார்த்தாள். பல்பு பல்பாகத்தான் இருந்தது.

கெஞ்சி, மிரட்டி, கடைசியில் சோறு போடமாட்டேன் என்று சொல்லித்தான் அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துப்போக முடிந்தது. டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், அழுத்தம் அளந்தார், ஓரப் பார்வையைச் சோதித்தார். சோதிக்கச் சோதிக்க அவர் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ரொம்ப ஏறியிருக்கு. பின்னாடி நரம்பு கெட்டிருக்கு. ஓரத்துல பார்வை போயிருக்கு, இடது கண்ணுல ரொம்பவே. போனது திரும்பி வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். கண்ணுல என்ன போடறீங்க?"

"எதுவும் போடலையே! கல்லோட வியர்வை மட்டும்தான்" என்றார் வாத்தியார் பணிவாக.

"தடவினா தொண்டை கசக்குதா?"

"பிரமாதமா கசக்குது டாக்டர்! எல்லாம் பொறாமை!"

டாக்டரம்மா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்துக் காட்டினார். "எனக்கு இதுமேலதான் சந்தேகம். கிருமியைக் கொல்ற மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த களிம்பு. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு நுணுக்கமான பாதை இருக்கு. கண்ணுல போட்ட மருந்து அது வழியா தொண்டைக்கு வரும். அதான் கசப்பு."

"அப்ப இது விஷமா டாக்டர்?" என்றாள் அண்ணி.

"அய்யோ, இல்லைம்மா. அருமையான மருந்து. நானே எழுதித் தர்றேன். ஆனா கண்ணைப் பார்த்து, என்ன கோளாறுன்னு தெரிஞ்சுக்கிட்டு, சொன்ன நாளுக்கு மட்டும்தான். நாள் நீண்டா அழுத்தம் அளந்துகிட்டே இருக்கணும். ஸ்டீராய்டு செவப்பை அடக்கிடும். உள்ள இருக்கற நோயை மறைச்சுடும். வைரஸ் புண்ணா இருந்தா அதுக்கு விருந்து வச்ச மாதிரி. ஒருத்தர் டியூபை இன்னொருத்தர் தொடக்கூடாது. டியூப் முனை கண்ணுல படக்கூடாது. போட்டதும் பார்வை மங்கும், தெளியற வரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது."

தடவிய கையோடு ஸ்டியரிங் பிடித்த மனிதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அழுத்தம் குறைய வேறு சொட்டு மருந்து எழுதினார். "இனிமே நான் சொல்றது மட்டும்தான் இந்தக் கண்ணுல விழணும். இல்லைன்னா மிச்சமும் போயிடும்" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் வாத்தியார் சொன்னார்: "அந்தம்மாவுக்கும் பொறாமை."

அண்ணிக்கு ஓங்கி ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது. இந்த மனுஷன் நாளைக்கே மறுபடி அங்கே போய் நிற்பார், கண்ணைக் காட்டிக் கண்ணை இழப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவர் வாயை அடைத்துப் பயனில்லை. கல்லின் வாயைத் திறக்க வேண்டும்.

மறுநாள் காலை வாத்தியாரோடு அண்ணியும் வரிசையில் நின்றாள். கையில் ஒரு சோப்பு, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு வெள்ளைத் துண்டு. முறை வந்ததும் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சாமி, கல்லை ஒரு தடவை கழுவித் தரட்டுமா? அப்புறம் எங்க எல்லார் முன்னாடியும் வியர்க்கட்டும்."

கூடம் அதிர்ந்தது. "அபச்சாரம்!" என்றது ஒரு குரல். "பொம்பளைக்கு என்ன திமிரு!" என்றது இன்னொன்று.

ஒளிக்கையார் கண்ணை மூடி, "தெய்வத்தைச் சோதிக்கக் கூடாதும்மா" என்றார்.

"எங்க ஸ்கூல்ல லைசென்ஸ் வாங்கவே டெஸ்ட் உண்டு சாமி. ரோட்டுல போறவனுக்கே டெஸ்ட் வேணும்னா, கண்ணுல கை வைக்கறவருக்கு வேணாமா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்போதுதான் ஒளிக்கையாரின் தீவிர பக்தையான பாத்திரக்கடைக்காரம்மா எழுந்தார். "கழுவித்தான் பார்க்கட்டுமே சாமி! நம்ம கல்லு சோப்புக்குப் பயப்படுமா? இன்னும் ஜோரா வியர்க்கும். இவ மூக்கு உடையட்டும்!" என்று கல்லை அவரே எடுத்து அண்ணி கையில் கொடுத்துவிட்டார். பக்தை கொடுத்த அடி மாதிரி எதிரிகூடக் கொடுக்க முடியாது.

அண்ணி நுரை வரத் தேய்த்துக் கழுவினாள். துண்டால் துடைத்தாள். வெறும் மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள்.

கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கல் வியர்க்கவில்லை. ஒளிக்கையாருக்கு வியர்த்தது. நெற்றியில் வியர்த்தது, மூக்கில் வியர்த்தது, கழுத்தில் வழிந்தது.

"சந்தேகக் கண்ணு பட்டதால கல்லு கூச்சப்படுது" என்றார்.

"கூச்சப்பட்டா இன்னும்ல வியர்க்கணும்?" என்றாள் அண்ணி.

"நான் உள்ள போய் துணியில சுத்தி வேண்டிக்கிட்டு வரேன்" என்று பட்டுத் துணியை அவர் எடுக்க, அண்ணி அதன் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். துணிக்குள் தைத்திருந்த பை கிழிந்தது. பொலபொலவென்று விழுந்தன, பிழிந்து சப்பையான டியூபுகள். டாக்டரம்மா காட்டிய அதே டியூபுகள்! 'மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது' என்று ஒவ்வொன்றிலும் அச்சடித்திருந்தது. கருணையின் முகவரி அது!

ஒளிக்கையார் ஒரு கணம் டியூபைப் பார்த்தார், ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் பின்கதவு வழியாகக் கம்பி நீட்டினார். கல்லைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணி நிம்மதியாக மூச்சு விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். பாவம், கூட்டத்தை அவள் சரியாக எடைபோடவில்லை.

பாத்திரக்கடைக்காரம்மா ஒரு டியூபைப் பொறுக்கியெடுத்துப் பேரைப் படித்தார். "அடப்பாவி! கடையில விக்கற மருந்தா இது? இது தெரியாம இந்த ஆளுக்கா காணிக்கை கொட்டினோம்?" என்று அலறினார். அடுத்த நிமிஷம் கூடம் காலி. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள் என்று நினைக்கிறீர்களா? மருந்துக்கடைக்கு ஓடினார்கள்! "எனக்கு ஒண்ணு!" "எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒண்ணு போதும்!" மருந்துக்கடைக்காரரும் சீட்டு எங்கே என்று ஒருவரையும் கேட்கவில்லை. வந்த வியாபாரத்தை விடுவாரா? அட்டைப்பெட்டியை அப்படியே பிரித்துவைத்தார்.

அண்ணி கணவரைத் தேடினாள். அவரும் அந்த வரிசையில்தான் நின்றார்! அவள் போய் அவருக்கு இடதுபக்கம் நெருங்கி நின்றாள். திட்டுவார், சமாதானம் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் பேசவே இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே முணுமுணுத்தார்: "நல்லவேளை, அவ வரதுக்குள்ள வாங்கிட்டுப் போயிடணும்."

அண்ணி கையை நீட்டி அவர் தோளைத் தொட்டாள். மனிதர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்.

"நீ... நீ எப்ப வந்த?"

"இவ்வளவு நேரமா உங்க பக்கத்துலதாங்க நிக்கறேன்."

வாத்தியார் அவளைப் பார்த்தார். தலையைத் திருப்பி நேராகப் பார்த்தார். மறுபடி மெல்ல அவள் பக்கம் திரும்பினார். நேராகப் பார்த்தால் அவள் இல்லை, திரும்பினால் இருக்கிறாள். கல் காய்ந்தபோது வராத பயம் இப்போது அவர் முகத்தில் வந்தது. "டாக்டரம்மாகிட்ட போலாம்டி. இப்பவே போலாம். நீ ஓட்டு" என்றார்.

அண்ணி வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "கல்லைக் கேள்வி கேட்டாச்சு, சந்தோஷம். டியூபையும் கேட்டுட்டு வாங்குங்க! என் கண்ணுல என்ன கோளாறு, இது எனக்கு ஆகுமா, எத்தனை நாளைக்கு? பதில் சொல்ல இந்தக் கடைக்காரருக்குத் தெரியுமா?"

கடைக்காரர் சில்லறை எண்ண ஆரம்பித்தார். வரிசையில் பாதிப் பேர் கலைந்தார்கள். மீதிப் பேர், முன்னால் இடம் கிடைத்தது என்று ஓரடி முன்னே நகர்ந்தார்கள்.

அவர்களைத்தான் கேட்கத் தோன்றுகிறது: ஐயா, அம்மா, உங்களுக்குக் கண் எதற்காக இருக்கிறது? யார் எதைக் கொடுத்தாலும் தடவிக்கொள்ளவா, தடவும் முன் ஒருமுறை பார்க்கவா?