பூச்சி அரித்த ஆறு கத்தரி

மரியாதை அதிகமாகத் தெரிந்தவன்தான் வேலையை ஒழுங்காகக் கெடுப்பான். பிள்ளைகளே, உங்கள் அப்பா அந்த வகை.

தொண்ணூறுகளில், கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு காய்கறி விதைப் பண்ணையில் தற்காலிக வேலையில் இருந்தேன். அந்த மாதம் தப்பு நடக்காமல் ஓட்டினால் நிரந்தரம். (உங்கள் அம்மா வீட்டில் 'நிரந்தரம்' என்றே சொல்லிப் பெண்ணும் கேட்டாயிற்று.)

பண்ணையில் நாற்பது வகைக் கத்தரி, வகைக்கு ஒரு வரிசை. தாம்பரத்து ஆய்வுக்கூட மேடம் சொன்னார்: "ஒவ்வொரு வரிசையிலயும் ஒரு கொழுந்து இலை, நம்பர் போட்ட கவர்ல கொண்டு வாங்க. இலையோட டிஎன்ஏவைப் பார்த்தா எது எதுக்கு நெருங்கின சொந்தம்னு தெரிஞ்சிடும். தூரத்துச் சொந்தத்தைக் கலந்தாதான் நல்ல புது ரகம் கிடைக்கும்."

ஏழு முதல் பன்னிரண்டு வரை ஆறு வரிசையிலும் பூச்சி விழுந்து இலையெல்லாம் சல்லடை. அவ்வளவு படித்தவரிடம் ஓட்டை இலையை நீட்டுவதா? தாம்பூலத்துக்கு வெற்றிலை பொறுக்கிப் பழகிய கை கேட்கவில்லை. அந்த ஆறு கவரிலும் ஆறாம் வரிசையின் பளபள இலையையே போட்டேன்.

பத்து நாளில் மேடம் ஒரு படத்தோடு வந்தார். வகைக்கு ஒரு பத்தியாக, டிஎன்ஏவைக் காட்டும் வெள்ளைக் கோடுகள்.

"ஆறுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் கோடு அச்சு அசலா ஒண்ணு! ஒரே ரகத்தையா ஏழு வரிசையா வளர்த்தோம்? ஆறை வச்சுக்கிட்டு மத்ததைப் பிடுங்கிடுங்க."

மேஸ்திரி ஏழுமலை அண்ணன் மண்வெட்டியை எடுத்துவிட்டார். ஒன்பதாம் வரிசை, மாடம்பாக்கத்து விவசாயி ஒருவர் தன்னிடம் மிஞ்சியிருந்த கடைசி விதையைக் கொடுத்து முளைத்தது. பிடுங்கினால் அந்த வகையே போச்சு. வாயைத் திறந்தால் என் வேலை போச்சு.

"மேடம்... செடி மேல தப்பில்ல. என் மேல."

எல்லாவற்றையும் கொட்டினேன். ஏழுமலை அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "இன்னாடா, மேடம் இன்னா சாப்புடவா இலை கேட்டாங்க? பொண்ணு பாக்க வந்தவங்களுக்குப் பக்கத்து வூட்டுப் பொண்ணைக் காட்டிக்கீறியே!"

மேடம் சிரித்துவிட்டார். புதுக் கவர்களை நீட்டினார். "ஓட்டையோடயே பறிங்க."

இரண்டாவது படத்தில், நாற்பதிலும் யாருக்கும் ஒட்டாமல் தனியாக நின்றது அந்த ஒன்பதுதான். அதைக் கலந்து எடுத்த புதுச் செடிகள் அடுத்த வருடமே தோட்டத்தில் இடுப்பளவு நின்றன. எனக்கும் நிரந்தரம் வந்தது, ஆறு மாதம் தாமதமாக. கல்யாணமும் அப்படியே.

இன்றைக்கும் நீங்கள் நல்ல மார்க் வாங்கிய தமிழ்ப் பேப்பரை மட்டும் என்னிடம் நீட்டிவிட்டுக் கணக்குப் பேப்பரைப் பையில் ஒளித்தால், சமையலறையிலிருந்து உங்கள் அம்மா குரல் கொடுப்பாள்: "அந்த ஓட்டை இலையையும் எடுத்து அப்பாகிட்ட காட்டுடா!"

அதன்பிறகு எந்த முகத்தோடு திட்டுவது? பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.